சீனி முகம்மது பழக்கிய மெர்போக்

சீனி முகம்மது பினாங்கிலேயே பிறந்து, பினாங்கிலேயே படித்து, பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வெள்ளைக்காரர் மருந்துக்கடையில் கம்பவுண்டராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். இருமல் மருந்தில் இனிப்பைக் கொஞ்சம் தூக்கலாக விடுவார் என்பதைத் தவிர அவர் மேல் ஊரில் யாருக்கும் புகார் கிடையாது. இப்படிப்பட்டவர்களைத்தான் வீட்டிலிருப்பவர்கள் சுலபமாக ஏமாற்றுகிறார்கள். கோபக்காரனை ஏமாற்றக் கொஞ்சமாவது யோசிப்பார்கள்.

அந்த மருந்துக்கடையின் பின்பக்கம் ஒரு இருட்டறை இருந்தது. தோட்டத்துத் துரைமார்கள் எடுத்துக்கொண்டு வரும் படச்சுருள்களை அங்கேதான் கழுவுவார்கள். மருந்து கலக்கத் தெரிந்தவர் படம் கழுவும் மருந்தையும் கலக்கலாம் என்று முதலாளி முடிவு செய்ததால் அந்த வேலையும் சீனி முகம்மதுவின் தலையில் விழுந்தது. அவர் அதை விழுந்ததாக நினைக்கவில்லை, கிடைத்ததாக நினைத்தார். வெள்ளைக் காகிதத்தில் ஒரு முகம் மெல்ல மெல்ல எழுந்து வருவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அன்று முழுக்க அவருக்குப் பேச்சு ஓடாது. கடைசியில் சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து பழைய பெட்டிக் கேமரா ஒன்றை வாங்கிவிட்டார். முக்காலி என்கிற மூன்று கால் கட்டை, பின்பக்கம் தேய்த்த கண்ணாடி, தலைக்கு மேல் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணி, படம் பிடிக்க அமுக்கும் ஒரு ரப்பர் குமிழ் என்று சகல சாமான்களோடும் அது வந்து சேர்ந்தது.

வாங்கியாயிற்று, எதைப் படம் எடுப்பது? மனிதர்களை எடுக்க அவருக்கு மனமில்லை. "உயிரோட இருக்கிறவன உக்கார வச்சி மய்யித்து மாதிரி ஆக்கிடுறாங்க" என்பார். அவர் வீடு டிரான்ஸ்ஃபர் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்தது. சமையல்கட்டைத் தாண்டினால் கிணறு, ஒரு ஜம்பு மரம், இரண்டு பப்பாளி, பக்கத்து வீட்டு நூர் பீவியின் வேலி. அந்தக் கொல்லைக்கு மைனா வரும், வாலை ஆட்டிக்கொண்டு கரிச்சான் வரும், ஜம்புப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். இவற்றோடு ஒரு ஜோடி மெர்போக்கும் வந்தது. புறாச் சாதியில் சின்னது, மார்பில் கோடு கோடாக இருக்கும், வெயில் ஏறும் நேரத்தில் கொக்கரிப்பதுபோல் கூவும். ஆண் கூவும்போது தலையைத் தாழ்த்தி வாலை விசிறியாக விரித்து ஒரு சலாம் போடும். அந்த சலாமைத் தகட்டில் பிடித்துவிட வேண்டும் என்பது சீனி முகம்மதுவுக்கு ஆசை. ஆசையென்ன, பைத்தியம்.

மெர்போக்கோ, ஆள் நிழல் தெரிந்தாலே பறந்துவிடும். கேமராவோ நாலைந்து அடிக்குள் போனால்தான் இறகைக் காட்டும். ஆகவே மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு காலி பிஸ்கட் பெட்டியை முக்காலியில் ஏற்றி, கறுப்புத் துணியைப் போர்த்தி, ஜம்பு மரத்தடியில் நிறுத்திவிட்டார். கீழே கொஞ்சம் தினை. முதலில் கொல்லையே காலியாயிற்று. பிறகு மைனா வந்தது, அப்புறம் பெண் மெர்போக், கடைசியில் ஆண். பெட்டி ஒன்றும் செய்யாது என்று குருவிகளுக்குத் தெரிந்தபின், அதன் இடத்தில் கேமராவை வைத்து, சீனி முகம்மதுவே துணிக்குள் புகுந்துகொண்டு நிற்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடை திறக்குமுன் காலை வேளைகளிலும் வியர்வை வழிய, கொசு கடிக்க, அசையாமல் நிற்பார். மனைவி ருக்கையா சமையல்கட்டு வாசலில் வாளியோடு நின்று கூப்பிடுவாள்.

"நான் கெணத்தடிக்கு வரலாமா, இல்ல உங்க துரை சாப்பிட்டு முடிக்கணுமா?"

துணிக்குள்ளிருந்து பதில் வராது. அவளுக்கும் வராது என்று தெரியும்.

முழுசாக ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஆண் மெர்போக் கறுப்புத் துணியைப் பார்த்தால் பறப்பதை விட்டு, கறுப்புத் துணியைப் பார்த்தால் இறங்கி வர ஆரம்பித்தது. துணிக்குள்ளிருந்து நீளும் கை தினையைத் தூவும்போதே காலடிக்கு நடந்து வந்து கொத்தும். வயிறு நிறைந்ததும் நிமிர்ந்து, அந்தத் துணியைப் பார்த்தே சலாம் போட்டுக் கூவும். சீனி முகம்மது உள்ளே நின்று கண் கலங்கியிருக்கிறார். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவரை இந்த உலகத்தில் யாரும் அப்படி வரவேற்றதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருடம், மழை ஓய்ந்த ஒரு காலையில் அந்தப் படம் கிடைத்தது. தலை தாழ்ந்து, வால் விரிந்து, ஒவ்வொரு இறகின் ஓரமும், காலின் ஒவ்வொரு செதிலும் தெளிவாக விழுந்திருந்தது. பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, நடுவீட்டில் மாட்டினார். உயிருள்ளவற்றின் படம் இருக்கும் வீட்டுக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று பள்ளிவாசல்காரர்கள் முணுமுணுத்தார்கள். அதனால் தொழுகை நேரத்தில் ருக்கையா சட்டத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பாள், தொழுது முடித்ததும் மறுபடி திருப்புவாள். வந்தவர்கள் எல்லாரும் பார்த்து "அழகா இருக்கு" என்றார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள்.

அஜீஸ் மட்டும் அப்படிப் போகவில்லை. அஜீஸ் என்கிற அப்துல் அஜீஸ் ருக்கையாவின் தம்பி. தாய் இறந்தபின் அவள் இடுப்பில் வளர்ந்தவன். துணிக்கடையில் நின்றான், நிலைக்கவில்லை. துறைமுகத்தில் சேர்ந்தான், அதுவும் நிலைக்கவில்லை. நிலைத்தது ஒன்றே ஒன்று, மெர்போக் வளர்ப்பு. கூண்டில் மெர்போக்கை வைத்து, மூங்கில் கம்பத்தில் ஏற்றி, எது இனிமையாகக் கூவுகிறது என்று போட்டி வைக்கிற மலாய்க்காரர்களோடு அவனும் ஊர் ஊராக, கம்போங் கம்போங்காகச் சுற்றினான். எந்தப் போட்டியிலும் அவன் குருவி வாய் திறந்ததில்லை.

அன்று அவன் படத்தின் முன் நின்றான், மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போய் நின்றான். தேத்தண்ணி ஆறிப்போனது.

"மச்சான், இந்தக் கால மட்டும் பெரிசாக்கித் தர முடியுமா?"

"காலையா? எதுக்கு?"

"சும்மாலா. செதிலு எவ்வளவு அழகா விழுந்திருக்கு, பாருங்க."

சீனி முகம்மதுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை பேர் பார்த்தார்கள், செதிலைப் பார்த்தவன் இவன் ஒருத்தன்தான்! ஊதாரி என்று இவனைத் திட்டினோமே என்றுகூட வருத்தப்பட்டார். மறுநாளே மருந்துக்கடை இருட்டறையில் அந்தக் காலை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்து, கையில் கொடுத்தார்.

அந்தக் காலில் ஒரு நகம் வெள்ளை. மற்றதெல்லாம் கறுப்பு. மெர்போக் வளர்ப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: வெள்ளை நகம் விழுந்த குருவி மற்றக் குருவிகளின் வாயைக் கட்டிவிடும், அதை வைத்திருப்பவனுக்குத் தோல்வியே கிடையாது. கெடா மாநிலம்வரை தேடிப்போவார்கள், கிடைக்காது. மரத்தில் உட்கார்ந்திருக்கும் குருவியின் நகத்தை எந்தக் கண் பார்க்கும்? சீனி முகம்மதுவின் கேமரா பார்த்துவிட்டது. வாழ்நாளில் ஒரு குருவியைக்கூடக் கூண்டில் வைக்காதவருக்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியாது. அவருக்கு அது ஒரு வெள்ளை நகம், அவ்வளவுதான்.

அதற்கடுத்த வாரம் ஆண் மெர்போக் வரவில்லை. பெண் மட்டும் ஜம்பு மரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. சீனி முகம்மது துணியைப் போர்த்திக்கொண்டு நின்று பார்த்தார். தினையை மாற்றிப் பார்த்தார். கடைக்குப் போகப் பிந்தி, முதலாளியிடம் பேச்சு வாங்கினார். அஜீஸும் வந்து கூடத் தேடினான். வேலியோரம் குனிந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, அவரைவிட அக்கறையாகத் தேடினான்.

"பூனதான் மச்சான். நூர் பீவி வீட்டுப் பூன இந்தப் பக்கமேதான் சுத்துது. நான் எத்தன தடவ பாத்திருக்கேன்!"

அதிர்ந்து பேசாத மனிதர் அன்று அதிர்ந்து பேசினார். வேலியோரம் நின்று நூர் பீவியைக் கூப்பிட்டு, பூனையை வளர்க்கத் தெரியாவிட்டால் எதற்கு வளர்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அவள் விதவைப் பெண்பிள்ளை. மறுநாள் அந்தப் பூனையைக் கூடையில் போட்டு, அழுதுகொண்டே ஜெலுத்தோங்கில் இருந்த தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். ருக்கையா இதையெல்லாம் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சோறு வடித்தாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். பாக் டெரிஸ் என்ற மலாய்க்காரப் பெரியவர் முட்டி வலிக்குத் தைலம் வாங்க மருந்துக்கடைக்கு வந்தார். டத்தோ கிராமட் பக்கத்துத் திடலில் மெர்போக் போட்டி நடத்துகிறவர் அவர். குருவிப் படம் எடுக்கும் கம்பவுண்டர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வருகிற ஞாயிறு ஜெயிக்கிற குருவியை ஒரு படம் எடுத்துத் தர வேண்டும் என்று கேட்டார். சீனி முகம்மதுவுக்குக் கூண்டுக் குருவி என்றால் பிடிக்காது. ஆனால் துக்கம் பிடித்த வீட்டைவிட்டு எங்காவது போனால் தேவலை போலிருந்தது. ஒரு ரிக்‌ஷாவில் கேமராவை ஏற்றிக்கொண்டு போனார்.

திடலில் மூங்கில் கம்பங்கள் வரிசையாக நின்றன. ஜெயித்தது அஜீஸின் குருவி. ஆட்கள் அவனைத் தோளில் தூக்காத குறைதான். சீனி முகம்மதுவுக்கும் சந்தோஷம், பயல் ஒன்றிலாவது தேறினானே என்று. ஆனால் மச்சானைக் கேமராவோடு பார்த்ததும் அஜீஸின் முகம் செத்துவிட்டது.

"வேணாம் மச்சான். படம் எடுத்தா குருவி மெரளும்லா. இன்னொரு நாளைக்கி வீட்டுல வச்சி எடுக்கலாம்."

பாக் டெரிஸ் விடவில்லை. கூண்டை இறக்கி ஒரு பெஞ்சின் மேல் வைத்தார்கள். பக்கத்தில் மற்றக் கூண்டுகளும் இருந்தன. சீனி முகம்மது முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் வீசிப் போர்த்தினார். போர்த்தியதுதான் தாமதம், அக்கம்பக்கத்துக் குருவிகளெல்லாம் கூண்டுக் கம்பியில் மோதிப் படபடத்தன. ஜெயித்த குருவி மட்டும் படபடக்கவில்லை. கம்பியோரம், கேமராவுக்கு எவ்வளவு கிட்ட வர முடியுமோ அவ்வளவு கிட்ட வந்து நின்றது. தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக அது விழுந்தது. தலையைத் தாழ்த்தி, வாலை விரித்து, சலாம் போட்டுக் கூவியது.

துணிக்குள் நின்ற மனிதர் அந்த சலாமை அடையாளம் கண்டுகொண்டார். முதலில் வந்தது சந்தோஷம்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். உயிரோடு இருக்கிறதே என்ற சந்தோஷம். அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்து நெஞ்சில் ஏறிக்கொண்டது: கூடத் தேடியது, கிணற்றில் எட்டிப் பார்த்தது, பூனை. துணியை விலக்கி வெளியே வந்தார்.

"இத எங்க புடிச்சே?"

"பாலிக் பூலாவுல மச்சான். ஒரு ரப்பர் தோட்டத்துல."

"அஜீஸ், அது என்னோட குருவி."

அஜீஸ் தரையைப் பார்த்தான். பாக் டெரிஸ் விசாரித்தார், விஷயத்தைக் கேட்டுக்கொண்டார், கம்பவுண்டரின் தோளில் கை வைத்தார். காட்டுக் குருவிக்குச் சொந்தக்காரன் கிடையாது தம்பி, எவன் கூண்டில் இருக்கிறதோ அவனுடைய குருவி, அதுதான் எங்கள் வழக்கம் என்று மலாயில் சொன்னார். இரக்கமாகத்தான் சொன்னார். சீனி முகம்மதுவோ, கூண்டில் அடைக்காததால்தான் அது தன்னுடையது என்று நினைத்திருந்தவர், அதை எந்தச் சபையில் போய்ச் சொல்ல முடியும்? படம் எடுக்காமலே சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் ருக்கையா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குருவி செத்துப் போவல. உன் தம்பி கூண்டுல இருக்கு."

அவள் நிமிரவில்லை. ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"தெரியும். நான்தான் கொல்லக் கதவத் தெறந்து விட்டேன்."

சீனி முகம்மது அங்கேயே, தரையில், முக்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அஜீஸ் செய்தது வலித்தது, ஆனால் அஜீஸ் அப்படிப்பட்டவன்தான் என்று ஒரு மூலையில் அவருக்குத் தெரியும். இது அவர் எந்த மூலையிலும் எதிர்பாராதது.

"அவன நான்தானே வளத்தேன்? எங்க போனாலும் தோத்துட்டு வர்றான். ஒரே ஒரு தடவ நாலு பேரு முன்னால தல நிமிந்து நிக்கட்டும்னு நெனச்சேன். குருவிதானே, இன்னொன்னு வரும், நீங்க பழக்கிக்குவீங்கன்னு நெனச்சேன்."

"நூர் பீவிகிட்ட நான் அப்படிக் கத்துறேன். நீ பாத்துக்கிட்டு நிக்கிற."

"மொத நாளே சொல்லியிருக்கணும். சொல்லல. அப்புறம் எந்த வாயால சொல்றது?" அவள் கையைத் துடைத்தாள். குரல் மாறியது. "ஒண்ணு கேக்குறேன். நமக்குக் கலியாணமாகி சலேஹா பொறந்து, வளந்து, தைப்பிங்குக்கு வாக்கப்பட்டும் போயிட்டா. அந்தப் பொட்டிக்குள்ள ஒரு தடவையாவது எம் மொகத்தப் பாத்திருக்கீங்களா?"

"நீ வேணாம்னு சொல்லுவே."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கலாமில்ல?"

அவர் முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கினார். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது, செய்ததில் இல்லை. பிறகு, தொழில் சங்கதி விசாரிப்பதுபோல் கேட்டார்.

"எப்படிப் புடிச்சான்? வேற குருவிய வச்சிக் கூப்பிட்டுத்தானே?"

மெர்போக் பிடிப்பவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். பழகிய குருவியைப் பொறிக்கூண்டில் வைத்துக் கூவவிட்டால், காட்டுக் குருவி சண்டைக்கு வந்து மாட்டிக்கொள்ளும். அஜீஸ் அப்படிப் பிடித்திருந்தால் அது குருவியின் ரோஷம், குருவியின் விதி. அவர் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார், நம்பினார்.

ருக்கையாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"குருவிக் கூண்டு கொண்டாந்தான், அதத் தெறக்கவே இல்ல. ஆணியில தொங்குற உங்க கறுப்புத் துணியக் குடு அக்கான்னு கேட்டான். எடுத்துக் குடுத்தேன். பிஸ்கட் பொட்டி மேல அதப் போத்தி, கீழ வலைய விரிச்சி, தினையத் தூவினான். நீங்கதான் நிக்கிறீங்கன்னு நெனச்சி அது நேரா வந்துச்சுங்க. பறந்துகூட வரல. நடந்து வந்துச்சி."

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் ருக்கையா தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன பேசினாள் என்பது தெரியாது. திரும்பும்போது கையில் கூண்டு இருந்தது. கிணற்றடியில் நின்றிருந்த கணவன் முன்னால் அதை வைத்துவிட்டுப் போய் வாசற்படியில் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள், அவர் முகத்தைப் பார்த்தபின் அதைக் கேட்கவில்லை.

சீனி முகம்மது கூண்டைத் திறந்தார். மெர்போக் வெளியே வந்தது, இறகை உதறிக்கொண்டது, ஜம்பு மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. ஆனால் போகவில்லை. துணி இல்லாமல் வெறுந்தலையோடு நிற்கும் மனிதரின் காலடிக்கே நடந்து வந்து தினையைத் தேடியது. தினை இல்லை. நிமிர்ந்து, அவரைப் பார்த்து சலாம் போட்டது.

இப்படியே விட்டால் நாளைக்கு இன்னொரு அஜீஸ் வருவான், இதுவும் அவன் காலடிக்கு நடந்து போகும். அவர் சொல்லிக்கொடுத்ததுதான் அது, வேறு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் குனிந்து கிணற்றோரம் கிடந்த மண்கட்டி ஒன்றை எடுத்தார்.

முதல் கட்டி பக்கத்தில் விழுந்தது. குருவி துள்ளி விலகி, மறுபடி வந்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்திருக்கும். இரண்டாவதைக் குறிபார்த்தே எறிந்தார். அது இறக்கையில் பட்டுச் சிதறியது. மெர்போக் கத்திக்கொண்டு எழும்பி நூர் பீவியின் கூரைக்கு மேல் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து அவரைப் பார்த்தது. அதுவரை அதற்கு யாரும் துரோகம் செய்ததாகத் தெரிந்திராது, வலையில் சிக்கியபோதுகூட அதன் முன்னால் நின்றது கறுப்புத் துணிதான். இப்போது எறிந்தவரின் முகத்தை அது நன்றாகவே பார்த்தது. மூன்றாவது கட்டிக்குப் பறந்துவிட்டது.

அன்று மாலையே நூர் பீவியின் வேலியோரம் போய், தலைகுனிந்து, பூனை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டார். ருக்கையாவோடு அதற்குப் பிறகும் ஒரே கூரையின் கீழ்தான் வாழ்ந்தார், அவள் வடித்த சோற்றைத்தான் சாப்பிட்டார், நோயில் அவளுக்கு மருந்தும் கலக்கிக் கொடுத்தார். ஆனால் சந்தைப் பார்த்த கொல்லைக் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னோடு கடைக்குக் கொண்டுபோனார்.

பறவைகள் வந்துகொண்டுதான் இருந்தன. மைனா இறங்கினாலும் சரி, கரிச்சான் இறங்கினாலும் சரி, சீனி முகம்மது கிணற்றடியிலிருந்து ஓடிவந்து கையைத் தட்டுவார், தகரத்தை அடிப்பார், ஓங்கிக் கத்துவார். சந்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், அந்தக் கம்பவுண்டருக்குப் பறவை என்றாலே ஆகாது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் அது விழுந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.